அடைக்கல நகரமும் விஷி சட்டமும்: யூத இனப்படுகொலை ஆய்வில் புதுச்சேரி

புதுச்சேரியின் நவீன வரலாறு பெரும்பாலும் அடைக்கலத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1908இல் வந்த பாரதியும் 1910இல் வந்த அரவிந்தரும் அதற்குச் சான்றுகள்; கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பு அதன் நினைவிடங்களுள் ஒன்று. ஆங்கிலேய அரசு தேடியவர்களைக் காத்தது இங்கு நடப்பிலிருந்த பிரெஞ்சு ஆட்சியுரிமை. அந்த ஆட்சியே 1940இல் யூதரை விலக்கத் தொடங்கியபோது புதுச்சேரி தப்பியது எதனால்? ஊரின் இயல்பால் அன்று, ஓர் அரசியல் கணக்கால் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றபின் அமைந்த விஷி அரசின் 1940 அக்டோபர் 3ஆம் நாளிட்ட யூதர் சட்டம் பாட்டன் பாட்டியரைக் கணக்கிட்டு யூதர் யார் என வரையறுத்தது. அவர்களை அரசுப் பணி, கல்வி, இதழியல் ஆகியவற்றிலிருந்து விலக்கியது. குடியேற்ற நாடுகளுக்கும் அது பொருந்தும் என அச்சட்டமே கூறியது. இதை ஜெர்மானியர் திணிக்கவில்லை, விஷி தானாகவே இயற்றியது என வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் 1972இல் நிறுவினார். அல்ஜீரியா இதற்கு வலுவான சான்று. ஜெர்மன் படை கால் வைக்காத அந்நாட்டில், 1870இன் கிரேமியோ ஆணை தந்த குடியுரிமையை யூதர்கள் நான்கே நாளில் இழந்தனர். இந்தோசீனாவில் தலைமை ஆளுநர் தெக்கூ அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். 1881 ஆணையின்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற புதுச்சேரித் தமிழர் பலர் சைகோன் நிர்வாகத்தில்தான் பணியாற்றிவந்தனர்.

புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் 1940 செப்டம்பர் 9 அன்று விஷியை எதிர்த்த சுதந்திர பிரான்ஸ் தலைவர் தெகோலின் பக்கம் சேர்ந்தார். யூதர் சட்டம் அப்போது பிறக்கவே இல்லை. ஆகவே அதை எதிர்த்து எடுத்த முடிவாக இதைக் கொள்ள இயலாது. பிரித்தானிய இந்தியாவால் சூழப்பட்டு, வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் அதையே நம்பியிருந்த பகுதிக்கு வேறு வழி அரிது. ஆயினும் விளைவு சிறிதன்று. 1920 முதல் இங்கே நிலையாக வாழ்ந்த அரவிந்தர் ஆசிரம அன்னை மீரா அல்ஃபசா, பாரிசில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். விஷி ஆட்சி இங்கும் தொடர்ந்திருந்தால், அதன் வரையறைக்குள் அவரும் வந்திருப்பார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1942 செப்டம்பர் 21 அன்று பாரிசுக்கு அருகே மோன் வலேரியனில் சுட்டுக் கொல்லப்பட்ட, பிரெஞ்சிந்தியாவின் மாஹேயைச் சேர்ந்த மாதவனும், புக்கன்வால்ட், மௌத்தௌசன் முகாம்களில் வதைபட்டு 1946இல் புதுச்சேரி வந்த சத்பிரேமும் யூத இனப்படுகொலையோடு புதுச்சேரிக்குப் போதிய இணைப்பல்லவா? அல்ல. மாதவன் கம்யூனிஸ்ட் பணயக்கைதி, சத்பிரேம் எதிர்ப்பியக்கத்தவர். இருவரும் அரசியல் ஈடுபாட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். யூதர்களோ பிறப்புக்காகக் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிந்தைய பிரான்சும் இந்த வேறுபாட்டை மழுங்கடித்தே நினைவுகூர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் அனெத் வியேவியோர்காவின் 1992ஆம் ஆண்டு ஆய்வு விளக்குகிறது. பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் மீண்டவர் சுமார் 2,500 பேர்தான். வீரர் வரிசையில் வைத்துப் பேசினால் இந்த அழிவின் தனித்தன்மை மறைந்துபோகும்.

1995 ஜூலை 16 அன்று அதிபர் ஷிராக், யூதரைப் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். அந்தப் பொறுப்பின் எல்லையைக் குடியேற்ற நாடுகள் வரை நீட்டிப் பார்க்கும்போது புதுச்சேரி ஓர் ஒப்பீட்டுக் களமாகிறது. ஒரே பேரரசு, அல்ஜியர்ஸிலும் சைகோனிலும் அமலான சட்டம் இங்கே நுழையவில்லை. இனவிலக்கு தொலைவான நாடுகளுக்குப் பரவியது கோப்புகள் வழியே, அதிகாரிகளின் கையொப்பம் வழியே. அது நின்றதும் அவ்வாறே. எனவே புதுச்சேரி தப்பியதை அதன் அறப்பெருமையாக எழுதுவது அடைக்கல வரலாற்றுக்கே ஊறு செய்யும்: பாதுகாப்பு எவ்வளவு எளிதில் கைமாறக்கூடியது என்ற உண்மையை அது மூடிவிடுகிறது.