பிராகன் கோட்டை: தீர்க்கதரிசனமும் கடன் கணக்கும்

ஸ்காட்லாந்தின் வடபகுதியில், டிங்வால் நகருக்குத் தென்மேற்கே, கானன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நின்ற பிராகன் கோட்டை இன்று இல்லை. 1950களில் அது இடிக்கப்பட்டது. எஞ்சியிருப்பது அதனைப் பற்றிய ஒரு கதை.

மெக்கன்சி குலத் தலைவர்களாகிய சீஃபோர்த் குடும்பம் 1611இல் எழுப்பிய கோட்டை அது. 1715ஆம் ஆண்டு ஜாக்கபைட் கிளர்ச்சியில் சேர்ந்ததால் அக்குடும்பம் பட்டத்தையும் நிலத்தையும் இழந்தது. 1725இல் மலைநாட்டுக் குலத்தவர் தளபதி வேடிடம் ஆயுதங்களை ஒப்படைத்த இடங்களுள் பிராகனும் ஒன்று. பின்னர் நிலங்கள் குடும்பத்திற்கு மீண்டன. அரண் மெல்ல மெல்லச் சீமான்களின் நாட்டுப்புற மாளிகையாயிற்று.

கதை இதுதான்: கொய்ன்னெக் ஓதர் என்னும் நிமித்திகர், காது கேளாத ஒரு தலைவரோடு குலவழி முடியும் என்றும், அவர்தம் நான்கு புதல்வரும் அவருக்கு முன்பே மாள்வர் என்றும், கீழ்த்திசையிலிருந்து வரும் பெண்ணொருத்தி சொத்தை அடைவாள் என்றும் உரைத்தாராம். இவை தொகுப்பு நூலாக அச்சேறிய ஆண்டு 1877. நிமித்திகர் பதினேழாம் நூற்றாண்டினர் என்கிறது கதை. அப்பெயரினர் ஒருவரைச் சூனியக் குற்றத்திற்காகப் பிடிக்கச் சொல்லும் ஆணையோ 1577ஆம் ஆண்டினது.

கதை சுட்டும் தலைவர் பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி. இளமையில் நோயால் செவிப்புலனை இழந்தவர். 1793இல் 78ஆம் படைப்பிரிவைத் திரட்டியவர். மரபுரிமையோடு பெருங்கடனும் அவரை வந்தடைந்தது. 1801இல் லாக்கால்ஷ் நிலம் விலைபோயிற்று. கடனைத் தீர்க்கும் நம்பிக்கையுடன் தென் அமெரிக்காவின் பெர்பீஸில் தோட்டங்களை வாங்கினார். அங்கு உழைத்தோர் அடிமைகள். தோட்டங்களுள் ஒன்றின் பெயரும் பிராகன். பார்படோஸ் ஆளுநராக இருந்தபோது, அடிமையைக் கொல்வதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டத்திற்காகப் போராடியவரும் இவரே. சட்டத்தால் அடிமையின் உயிரைக் காக்க முனைந்தவர், அடிமை உழைப்பால் தம் கோட்டையைக் காக்க முயன்றார். தோட்டங்கள் அவரது கடனைத் தீர்க்கவில்லை.

நான்கு புதல்வரும் அவருக்கு முன்பே இறந்தனர். 1814 டிசம்பர் 24 அன்று, மூத்த மகள் மேரியின் கணவரும் கிழக்கிந்தியக் கடற்படைத் தலைவருமான சாமுவேல் ஹூட் சென்னையில் காலமானார். அடுத்த சில வாரங்களுக்குள், 1815 ஜனவரியில், தந்தையும் மறைந்தார். கைம்பெண்ணாகக் கீழ்த்திசையிலிருந்து திரும்பிய மேரியே வாரிசானார். 1817இல் அவர் மணந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மெக்கன்சி, 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். ஆயினும் கடன் விடவில்லை. குடும்பத்தின் உடைமையாக இருந்த லூயிஸ் தீவு 1844இல் விற்கப்பட்டது. வாங்கியவர், சீனத்துடன் அபின் வணிகம் செய்து செல்வரான ஜேம்ஸ் மேத்தசன். சுவடிகளைத் திரட்டியதால் தமிழாய்வாளர் நன்கறிந்த காலின் மெக்கன்சி பிறந்ததும் அத்தீவில்தான்.

பிராகனின் வீழ்ச்சியைத் தீர்க்கதரிசனம் ஊழாகக் காட்டுகிறது. ஊழ் என்று சொன்னபின் காரணம் தேட வேண்டியதில்லை, பொறுப்பாளரும் இல்லை. கடன் பத்திரங்களும் தோட்டக் கணக்குகளும் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. அதில் பெர்பீஸின் பருத்திச் செடிகளும், அவற்றிடையே பெயரின்றி மாண்டவர்களும் உண்டு. நிமித்திகரின் கதையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.