லேபலில் இல்லாத பெயர்

அறுகம்குடாவில் சேர்ஃபிங் செய்ய நமக்கு வெட்சூட் தேவையில்லை. சீசனில் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். சான் பிரான்சிஸ்கோவிலோ 10–15 தான். அங்க 4, 5 மில்லிமீற்றர் தடிப்பு வேணும்.

அந்த உடுப்பைச் சேர்ஃப்காரர் கண்டுபிடிக்கல. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர், 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைச் சுழியோடிகளுக்காக யோசித்தது அது. உடம்பு நனைஞ்சாலும் பரவாயில்லை, நியோபிரீனுக்குள் அடைபட்ட வாயுக்குமிழிகள் சூட்டைக் காக்கும் என்றார். காப்புரிமை எடுக்கவில்லை.

1952இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓ'நீல்தான் வெட்சூட்டைச் சேர்ஃப்காரரிடம் பரப்பினார். கண்டுபிடித்தவர் என்ற பேரும் கனகாலம் அவருக்கே போனது. வரலாற்றை லேபலில மட்டும் வாசிக்கக்கூடாது எண்டு நாம் சொல்றது இதுக்குத்தான்.