புரூக்ளின் இழந்த ஆட்டக்குழு

தேர் ஒன்றைச் செய்வித்தவர் ஒருவராக இருக்கலாம். அதன் கொட்டகைச் சாவி வேறொருவர் கையில் இருக்கலாம். ஆயினும் வடம் பிடித்து இழுத்த ஊரார் அனைவரும் அதனை ‘எங்கள் தேர்’ என்றே சொல்லுவர். பத்திரத்தில் அவர்கள் பெயர் இராது. எனினும் அவர்கள் சொல்லுவது பொய்யாகாது. பத்திரம் தரும் உரிமை ஒன்று; பற்றுத் தரும் உரிமை மற்றொன்று. இவ்விரண்டும் எதிரெதிர் நின்று வழக்காடினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே தக்க சான்று ஒன்று உண்டு. அது ஓர் அரசின் வரலாறு அன்று. ஓர் ஆட்டக்குழுவின் வரலாறு.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் ஆட்டம். அமெரிக்காவில் அதனை ஆடும் பெருங்குழுக்கள் நகரங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் நகரங்களுக்கு அவை சொந்தமல்ல. நிலத்தையும் ஆலையையும் போல வாங்கவும் விற்கவும் கூடிய தனியார் உடைமைகள் அவை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற குழுவும் அத்தகையதே.

புரூக்ளின் 1898-ஆம் ஆண்டு வரை தனி நகரமாக இருந்தது. அவ்வாண்டில் அது பெரிய நியூயார்க்கோடு இணைக்கப்பட்டு, தன் தனி ஆட்சியை இழந்தது. தெருவெங்கும் ஓடிய டிராம் வண்டிகளுக்குத் தப்பி விலகி நடப்பவர் என்று புரூக்ளின் மக்களைப் பிறர் கேலியாக அழைத்தனர். அக்கேலிப் பெயரே சுருங்கி ‘டாட்ஜர்ஸ்’ என ஆட்டக்குழுவுக்கு நிலைத்தது. நகராட்சி போன பின்னர், புரூக்ளினுக்குத் தனக்கென்று எஞ்சிய அடையாளங்களில் அக்குழு தலையாயது எனலாம்.

1883-இல் அக்குழுவில் சிறு வேலையில் சேர்ந்த சார்லஸ் எப்பெட்ஸ் என்பவர் படிப்படியாக உயர்ந்து அதன் தலைவரானார். 1913-இல் தம் பெயரால் ஆடுகளம் ஒன்றைத் திறந்தார். கட்டுமானச் செலவுக்காகக் குழுவின் சரிபாதியை மெக்கீவர் என்ற ஒப்பந்தக்காரச் சகோதரர்களுக்கு விற்க வேண்டியதாயிற்று. 1925-இல் எப்பெட்ஸ் மறைந்தார். அவர் அடக்கத்திற்குச் சென்ற இளைய மெக்கீவர் அங்கே குளிர் கண்டு, சில நாட்களில் தாமும் மறைந்தார். பின்னர் இரு குடும்பத்து வாரிசுகளும் பாதிக்குப் பாதி பங்குடன் நின்றனர். எதிலும் ஒருமுடிவு காண இயலவில்லை. குழு கடனில் ஆழ்ந்தது. பாகப்பிரிவினை சரியாக அமையாத குடும்பம் எப்படித் தேயும் என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1940-களில் பிராஞ்ச் ரிக்கி என்ற நிர்வாகியும், வால்ட்டர் ஓமாலி என்ற வழக்கறிஞரும், மருந்துத் தொழில் நடத்திய ஜான் ஸ்மித் என்பவரும் ஆளுக்குக் கால் பங்கு வாங்கினர். ரிக்கியின் பெயரை வரலாறு மறவாது. கறுப்பினத்தவர்க்குப் பெருங்குழுக்களில் இடமில்லை என்ற எழுதாச் சட்டத்தை உடைத்து, 1947-இல் ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கியவர் அவரே. அவ்வாண்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் எப்பெட்ஸ் களத்துக்கு வந்தனர்.

ஆயினும் ரிக்கிக்கும் ஓமாலிக்கும் ஒத்துவரவில்லை. 1950-இல் ஸ்மித் மறைந்ததும் ரிக்கி விலக நேர்ந்தது. அவர் பங்கினை, அவர் வாங்கிய விலையாகிய சுமார் மூன்றரை இலட்சம் டாலருக்கே பெற ஓமாலி முனைந்தார். வெளியார் ஒருவர் கூடுதல் விலை சொன்னால், கூட்டாளி அதற்கு ஈடு கொடுத்தே வாங்க வேண்டும் என்பது உடன்படிக்கை. ரிக்கி வெளியார் ஒருவரைக் கொண்டுவந்தார். அவர் 10 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னார். ஓமாலி அத்தொகையைக் கொடுத்தே பங்கை வாங்கித் தலைவரானார். அந்தக் கசப்பு எளிதில் தீரவில்லை.

புதிய தலைவரின் சிக்கனம் விரைவில் வெளிப்பட்டது. 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளிலும் நேஷனல் லீக்கில் குழுவை முதலிடத்திற்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் சார்லி டிரெசன், பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் வேண்டினார். ஓராண்டுக்கு மேல் இல்லை என்றார் ஓமாலி, டிரெசன் விலகினார். அவ்விடத்திற்கு வந்த வால்ட்டர் ஆல்ஸ்டன் பெயர் பரவலாக அறியப்படாதது. ‘யார் இவர்?’ என்று பலரும் கேட்டனர். அவரோ ஓராண்டு ஒப்பந்தங்களாகவே இருபத்து மூன்றில் கையெழுத்திட்டு, 1976 வரை பதவியில் இருந்தார். பல்லாண்டுகளாக ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று ஆறுதல் கூறிக்கொண்ட புரூக்ளினுக்கு, 1955 அக்டோபர் 4-ஆம் நாள் அந்த அடுத்த ஆண்டு வந்தே விட்டது. தம்மை ஐந்து முறை இறுதிப் போட்டியில் வீழ்த்திய யாங்கீஸ் குழுவை டாட்ஜர்ஸ் வென்றனர்.

வெற்றி வந்தது, கூட்டம் வரவில்லை. களமோ சுமார் 32 ஆயிரம் பேர் கொள்ளும் பழங்கட்டடம். கார் நிறுத்த எழுநூறு வண்டிகளுக்கே இடம். ரசிகர்கள் பலர் லாங் தீவின் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறிவிட்டனர். 1953-இல் பாஸ்டனை விட்டு மில்வாக்கிக்குப் பெயர்ந்த குழுவோ, 1957-இல் டாட்ஜர்ஸைப் போல் இருமடங்கு மக்களை ஈர்த்தது. ஓமாலி தம் சொந்தப் பணத்தில் புதிய அரங்கு கட்ட முன்வந்தார். புரூக்ளினில் இரயில் பாதைகள் கூடும் இடத்தில் நிலத்தை மட்டும் நகராட்சி கையகப்படுத்தித் தரவேண்டும் என்றார். நியூயார்க்கின் கட்டுமானங்களைத் தம் பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு இசையவில்லை. தனியார் ஆட்டக்குழு பொதுநலம் ஆகாது என்பது அவர் வாதம். குவீன்ஸ் பகுதியில் இடம் தருவோம் என்றார். புரூக்ளின் குழு குவீன்ஸில் ஆடினால் அது புரூக்ளின் குழுவாகுமா என்றார் ஓமாலி.

இதற்கிடையில் ஓமாலி களத்தை விற்று, வாடகைக்கு இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் சிறு குழுவொன்றை அதன் களத்தோடு வாங்கினார். மக்கள் கூட்டம் கூட்டினர், மனுக்களில் கையெழுத்திட்டனர், ‘டாட்ஜர்ஸ் புரூக்ளினிலேயே இருக்கட்டும்’ என்ற சின்னங்களை அணிந்தனர். புரூக்ளின் உறுப்பினரான எமானுவல் செல்லர் தலைமையேற்ற நாடாளுமன்றக் குழு ஓமாலியை விசாரித்தது. ஆயினும் 1922-இலேயே உச்ச நீதிமன்றம் பேஸ்பாலை ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் புறம்பென்று தீர்ப்பளித்திருந்தது. குழு பெயரலாமா என்று முடிவு செய்யும் வாக்குரிமை மற்ற முதலாளிகளுக்கே இருந்தது. அவர்கள் இசைவு தந்தனர். ரசிகனுக்கோ அந்த மேசையில் இருக்கையே இல்லை.

1957 செப்டம்பர் 24-ஆம் நாள் எப்பெட்ஸ் களத்தின் கடைசி ஆட்டம் நடந்தது. வந்தவர் 6,702 பேர். அக்டோபர் 8-ஆம் நாள் புறப்பாடு அறிவிக்கப்பட்டது. 1960-இல் களம் இடிக்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

மறுகரையில் மகிழ்ச்சி மட்டுமே இருந்ததென்று எண்ணலாகாது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கொடுத்த சாவேஸ் ரவின் மலைநிலம், மெக்சிக வழியினர் வீடு கட்டி வாழ்ந்த இடம். ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவோம் என்று 1950-களின் தொடக்கத்தில் நகராட்சி அவர்களை வெளியேற்றியது. பின்னர் அத்திட்டத்தையே கைவிட்டது. கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதத்தில் காவலர் தூக்கிச் சென்று வெளியேற்றினர். 1962-இல் அங்கே புதிய அரங்கு திறக்கப்பட்டது. ஓர் ஊர் தன் குழுவை இழந்தது. மற்றோர் ஊரில் சிலர் தம் வீட்டையே இழந்தனர்.

பழி யாருடையது? ஓமாலியைத் துரோகி என்றனர் புரூக்ளின் மக்கள். பிற்காலத்தார் பலர் மோசஸையே குற்றம் சாட்டினர். 2008-இல் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் ஓமாலிக்கு இடம் கிடைத்தபோதும் வழக்கு மீண்டும் எழுந்தது. அவர் குடும்பம் 1998-இல் குழுவை விற்றது. அடுத்தடுத்துக் கைமாறிய குழு 2011-இல் திவாலாகி, மறு ஆண்டு ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு விலைபோயிற்று. அப்போது மனம் வெதும்பியவர் லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகர்கள்.

நமக்கு ஒன்று தோன்றுகிறது. புறநகருக்குக் குடிபெயர்ந்த ரசிகனும் குழு பெயர்ந்தபோது அழுதான். தான் முன்னமே ஊரை விட்டுச் சென்றவன் என்பதை அவன் எண்ணவில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கே, ஊரில் ஏதேனும் ஒன்று அசையாமல் இருக்கவேண்டும் என்ற ஆசை மிகுதி. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் நேயர்கள் இதனை நன்கு உணர்வர். பிறந்த தெருவின் பழைய கட்டடம் ஒன்று விற்கப்பட்டதென்று கடிதம் வந்தால், நம்மைக் கேளாமல் விற்றுவிட்டார்களே என்று நெஞ்சம் குமுறுகிறதன்றோ? கேட்பதற்கு நமக்குப் பத்திரம் இல்லை. பற்று மட்டுமே உண்டு. விற்பவர் அதனைக் கணக்கில் எழுதுவதில்லை. ஆயினும் எழுபது ஆண்டுகள் ஆகப்போகும் இக்காலத்தும் புரூக்ளின் அக்கணக்கை மூடவில்லை.