கர்த்தா இல்லாத வாக்கியம்

தமிழ்ச் செய்தித்தாள்களில் அநேகமாகத் தினமும் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: 'கைது செய்யப்பட்டு, கோர்ட்டில் ஆஜர்படுத்தப்பட்டு, சிறையில் அடைக்கப்பட்டார்.' மூன்று வினைகள். மூன்றும் செயப்பாட்டு வினைகள். கர்த்தா எங்கும் இல்லை. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்த மறுநாள் இந்த வாக்கியம் பெரும்பாலும் ஒரு போர்மேன் பெயரோடு வருகிறது. அவரைப் பிடித்தது யார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து, அப்போது அவர் உடம்பு எப்படி இருந்தது என்பதெல்லாம் வருவதில்லை. நம் நாட்டில் கைது ஆவணங்களின் சரித்திரம் என்பது, இந்த வாக்கியத்தில் கர்த்தாவை எழுதவைக்க நடந்த, இன்னும் முடியாத ஒரு தகராறின் சரித்திரம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஆவணங்களைத் தேடப் புறப்படுகிறவனுக்கு முதலில் வேண்டியது பூகோளம். வெம்பக்கோட்டை வைப்பாற்றங்கரையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் ஜில்லா மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. பிறகு ராமநாதபுரம். 1985 முதல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம். ஆகவே, கோயில் நுழைவு குறித்த பகையில் மூண்ட 1899 ஜூன் சிவகாசிக் கலவரத்தில் யார் யார் பிடிபட்டார்கள் என்று அறிய விரும்புகிறவன் விருதுநகருக்குப் போய்ப் பயனில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், நீதித் துறையின் பழைய உத்தரவுகளில், திருநெல்வேலி ஜில்லாவின் பெயரில் தேட வேண்டும். அந்தக் காகிதங்களை எழுதியவர்கள் கலெக்டர்களும் போலீஸ் அதிகாரிகளும். பிடிபட்டவன் அவற்றில் ஒரு எண்ணாகவும் ஒரு சாதியாகவும் வருகிறானே தவிர, அவன் வாய்திறந்து சொன்னது அபூர்வம்.

அடுத்த கட்டத்தில் பதிவேடே விலங்காயிற்று. முதலில் வட இந்தியாவுக்கென்று 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் மாற்றி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். அந்தப் பெயரே ஒரு விமர்சனம். சட்டத்தின் சாரம் அதன் தண்டனைப் பிரிவுகளில் இல்லை, மையில் தோய்த்து உருட்டப்பட்ட விரலில் இருக்கிறது என்று எழுத்தறியாதவர்கள் கண்டுகொண்டார்கள். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பதிவுக்கு உடன்பட மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் ஜில்லாவில் மறவர்களில் ஒரு பிரிவினர் மீதும் இதே சட்டம் பாய்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ரத்தாயிற்று. நாடு முழுவதற்கும் 1952-ல். மற்ற ஏடுகளில் செயல் முதலில், பெயர் பிறகு. இந்த ஏட்டில் பெயர் முதலில். செயலுக்கு அவசியமே இல்லை.

கைதியின் கையிலும் பேனா இருந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஒட்டப்பிடாரத்து வ.உ. சிதம்பரம் பிள்ளை 1908 மார்ச் 12 அன்று கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை, அப்பீலில் குறைந்தது, கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சிறை ஏடு அவர் தண்டனையின் அளவைச் சொல்லும். செக்கிழுத்த உடம்பின் கணக்கை அது சொல்லாது. அதை அவரே செய்யுளில் சுயசரிதையாக எழுதி வைத்தார். ஆனால் அவர் வக்கீல், தமிழறிஞர். அதே கொட்டடியில் கிடந்த மற்றவர்களுக்கு ஏடு மட்டுமே மிஞ்சியது.

இதிலிருந்து, பதிவே கொடுமை என்று முடிவு கட்டத் தோன்றும். அது பாதி உண்மைதான். பதியப்படாத காவல் அதைவிடக் கொடியது. ஸ்டேஷனுக்குள் போனவன் எந்த ஏட்டிலும் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவன் உள்ளே போகவே இல்லை. போகாதவனுக்கு நேர்ந்ததற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கடிகாரத்தை ஓடவைப்பது கைது நேரம். அதை எழுதுகிறவர் கைது செய்தவரே. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் பதினொரு கட்டளைகள் இட்டது. கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ உள்ளூர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் இட வேண்டும். 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து அங்கே பலகையில் எழுத வேண்டும். 2008 திருத்தத்தில் இவற்றில் பல சட்டமாயின. பலகையில் கைதானவர் பெயர், விலாசத்தோடு கைது செய்த அதிகாரியின் பெயரும் பதவியும் வர வேண்டும் என்றது 41-சி பிரிவு. வாக்கியத்துக்குக் கர்த்தா கிடைத்தது, காகிதத்திலாவது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-வது பிரிவு, கைதானவர் விவரத்தை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் டிஜிட்டல் முறையிலும் காட்டச் சொல்கிறது. சாதாரண வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளைப் போலீஸ் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2016-லேயே உத்தரவு உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட கேள்விக்கு 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

இத்தனை காகிதம் இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. தந்தையும் மகனும் ஸ்டேஷனில் அடிபட்டு, ரிமாண்டாகி, கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குப் போய், ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். ஆவணங்கள் இல்லாமல் இல்லை. முதல் தகவல் அறிக்கை இருந்தது. அவர்கள் தரையில் புரண்டதில் காயம் ஏற்பட்டதாக அது சொன்னது. ரிமாண்டு உத்தரவு இருந்தது. ஸ்டேஷன் கேமராவின் பதிவுகளோ அன்றன்றைக்கே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அதை ஹைகோர்ட்டுக்கு எழுதினார். ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கும்படி மதுரைக் கிளை உத்தரவிட்டது. உண்மை வெளியே வந்தது பக்கத்துக் கடையின் கேமராவிலிருந்தும், அன்று இரவு ஸ்டேஷனில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்திலிருந்தும்.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது புதிதல்ல. ஒரு பேரேட்டை அதே பேரேட்டைக் கொண்டு சரிபார்க்க முடியாது. வேறொரு கை எழுதிய வேறொரு ஏடு வேண்டும். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு, கைதுக் குறிப்பு, டாக்டரின் சான்று, ரிமாண்டு உத்தரவு, சிறைக்குள் வருகிறவரைப் பதியும் ஏடு: இவை வெவ்வேறு கைகளில் இருப்பதன் அர்த்தம் இதுதான். ஒரு கை மற்றொரு கைக்கு வளைந்து கொடுத்துவிட்டால் ஐந்து ஏடுகளும் ஒரே ஏடுதான். தேடுகிறவன் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நேரங்கள் எங்கே இடிக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஊரறியப் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் பல கவுண்டி ஜெயில்கள் பிடித்து வந்தவரின் பெயரையும் படத்தையும் அன்றே வெளியிடுகின்றன. அந்தப் படங்களைத் திரட்டி வைத்து, நீக்கப் பணம் கேட்கும் வியாபாரமும் அங்கே வளர்ந்தது. விடுதலையானவனும் படத்தில் குற்றவாளியாகவே நிற்கிறான். இது ரேகைச் சட்டத்தின் வேறு ரூபம். பலகையில் கைதானவன் பெயர் இருக்க வேண்டியது அவனைத் தேடி வருகிற மனைவிக்காக, வக்கீலுக்காக; வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அல்ல. ஊருக்குத் தெரிய வேண்டிய பெயர் பிடித்தவருடையது.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில். ஷெட்டுகள் குத்தகைக்கு எடுத்த பலர் கையில். இந்த உள்குத்தகை எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு, கையெழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே, அல்லது கைக்கு எட்டுகிறவன் யாரோ அவனிடம் பதில் கிடைத்துவிடுகிறது. இங்கே கர்த்தா மறைவது போலீஸ் ஏட்டில் மட்டுமில்லை. அதற்கு முன்பே, ஆலையின் ஏட்டிலேயே மறைந்துவிடுகிறான்.

இதே வெம்பக்கோட்டையில், விஜயகரிசல்குளம் மேட்டில், 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. அங்கே ஒரு கண்ணாடி மணி கிடைத்தால், ஒரு சங்கு வளையல் துண்டு கிடைத்தால், எந்தக் குழி, எத்தனை ஆழம், எந்தத் தேதி என்று எழுதித்தான் எடுத்து வைத்தார்கள். இடமும் ஆழமும் எழுதாமல் எடுத்த பொருள் சாட்சியாகாது என்பது அவர்களுடைய விதி. உயிரோடிருக்கிற மனிதனைக் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும்போதும் அந்த விதி போதும்: எந்த இடம், எந்த நேரம், யார் கை.