தோட்டாக் கேப்பு: தற்செயல் வெடிப்பும் தடுப்பும்

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில், நடுக்குழியில் இறுக்கிப் பொருத்தப்படும் சிறு உலோகக் கிண்ணமே கேப்பு. பிரைமர் என்றும் சொல்வர். சிறிய வகை 4.45 மி.மீ. விட்டமும் பெரிய வகை 5.33 மி.மீ. விட்டமும் கொண்டவை. உள்ளே இருக்கும் வெடிக்கலவை சில பத்து மில்லிகிராம்தான். விசையை அழுத்தியதும் ஊசி கேப்பைக் குத்துகிறது. கிண்ணத்துக்கும் அதற்கெதிரே உள்ள சிறு உலோக அடைகல்லுக்கும் நடுவே கலவை நசுங்கி, எழும் தீப்பிழம்பு கூட்டின் துளை வழியே பாய்ந்து உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. புகையில்லா மருந்து திறந்த வெளியில் தீப்பட்டால் வேகமாக எரியும், அவ்வளவே. கேப்போ அடிபட்டால் வெடிக்கவேண்டும் என்றே செய்யப்பட்டது. சுட்ட தோட்டாக்கூட்டை வீட்டில் மறுபடி நிரப்புவோருக்கு ஆபத்து பெரும்பாலும் மருந்து டப்பாவிலிருந்து வரும் என்று நினைப்பது தவறு. கையில் முதலில் வெடிக்கக்கூடியது கேப்பே.

வரலாறு

1800-இல் ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எழுதினார். அந்தச் சோதனைகளில் அவரே வெடிப்பில் காயமடைந்தார். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் தீப்பற்றும் பொருளைக் கொண்டு துப்பாக்கியை இயக்கும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். மழையில் நனைந்தால் பற்றாத சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியின் தொல்லைக்கு விடிவு பிறந்தது. சில ஆண்டுகளில் செப்புக் கேப்புகள் வந்தன. வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் இன்றும் பயன்படுவது அதே கேப்பின் வழிவந்ததுதான்.

1866-ஐ ஒட்டி இரண்டு வடிவங்கள் உருவாயின. அமெரிக்கர் ஹைரம் பெர்டனின் வடிவத்தில் அடைகல் தோட்டாக்கூட்டிலேயே இருக்கும், தீ போகும் துளைகள் இரண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்ததில் அடைகல் கேப்புக்குள் இருக்கும், துளை நடுவில் ஒன்றே. அந்த ஒற்றைத் துளை வழியே கம்பியை விட்டுப் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம் என்பதால், வீட்டு மறுநிரப்பல் பாக்ஸர் வகையையே நம்பி வளர்ந்தது. பழைய கலவைகளில் இருந்த குளோரேட்டின் எச்சம் குழலை அரித்தது, பாதரசம் பித்தளைக் கூட்டைப் பலவீனப்படுத்தியது. 1920-களின் இறுதியில் ஜெர்மனியில் ஈய ஸ்டிப்னேட் கலவை அறிமுகமாயிற்று. துரு குறைந்தது. ஆனால் உலர்ந்த ஈய ஸ்டிப்னேட் நிலைமின் பொறிக்குக்கூட எளிதில் பற்றும் பொருள்.

வெடிப்பது எப்படி

ஒற்றைக் கேப்பு கையில் வெடித்தால் விரல் கிழியலாம், கிண்ணத் துண்டு கண்ணில் பாயலாம். கொடிய விபத்து நிகழ்வது பல கேப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது. ஒன்று வெடித்தால் அதன் அதிர்ச்சி அடுத்ததை வெடிக்கவைக்கிறது, நூறு இருந்தாலும் எல்லாம் ஒரே நொடிக்குள் வெடித்துவிடுகின்றன. தொழிற்சாலைகள் கேப்புகளைத் தனித்தனிக் குழிகள் கொண்ட தட்டுகளில், நூறு நூறாக, இடைவெளியுடன் அடுக்கி அனுப்புவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தட்டு அழகுக்கல்ல. இடம் மிச்சம் என்று கண்ணாடிப் புட்டியிலோ ஜாம் டப்பாவிலோ கொட்டி வைப்பவர், பொட்டலத்தில் வந்த பாதுகாப்பைத் தாமே கழற்றிவிடுகிறார். புட்டியைக் குலுக்கினாலோ கீழே போட்டாலோ அது கையெறிகுண்டுக்கு நிகர்.

மறுநிரப்பல் இயந்திரங்களில் நூறு கேப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் உலோகக் குழாய் உண்டு. ஒரு கேப்பு சாய்ந்தோ தலைகீழாகவோ உட்கார்ந்து, நெம்புகோலைப் பலம் கொடுத்து அழுத்தினால், அது வெடித்துக் குழாய் முழுவதும் தொடரும். இதற்காகவே குழாயைச் சுற்றித் தடித்த எஃகு உறை வைக்கிறார்கள். ராணுவத் தோட்டாக்கூடுகளில் கேப்பு கழன்று விழாமலிருக்கக் குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பார்கள். அந்த நசுங்கலைச் செதுக்கி எடுக்காமல் புதுக் கேப்பை அழுத்துவது பல விபத்துகளின் தொடக்கம்.

தடுப்பு

கேப்பை அழுத்தும்போது கைக்குத் தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்தவேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உட்கார்ந்துவிடும் என்ற நினைப்புதான் ஆளைக் காயப்படுத்துகிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. கேப்புகளை அப்போதைக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்து, மீதியைத் தொழிற்சாலைத் தட்டிலேயே விடவேண்டும். கேப்பும் மருந்தும் ஒரே பலகையில் திறந்து கிடக்கக்கூடாது. தட்டுகளிலும் குழாய்களிலும் படியும் கலவைத் தூசியும் வெடிபொருளே. அதை ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். செயற்கை இழைக் கம்பளம், நைலான் உடை, உலர்ந்த காற்று மூன்றும் சேர்ந்த அறையில் நிலைமின்சாரம் கூடும். இயந்திரத்தை நிலத்தொடர்பு செய்துகொள்வது நல்லது.

தவறாக உட்கார்ந்த உயிருள்ள கேப்பைத் தட்டியெடுக்க முயல்வது வீண் துணிச்சல். எண்ணெய் ஊற்றினால் செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் பட்ட கேப்பு சிலவேளை செயலிழக்கும், சிலவேளை இழக்காது. உறுதியில்லாத ஒன்றை நம்பி அதன்மேல் சுத்தியலை ஓங்கக்கூடாது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பான சாமி, 1926 முதல் இத்துறைக்கு விதிமுறைகள் வகுத்துவருகிறது. கேப்புகளை மூலப் பொட்டலத்தைவிட்டு எடுத்து மொத்தமாகச் சேமிக்கவே கூடாது என்பது அதன் அழுத்தமான எச்சரிக்கை. அந்நாட்டுத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு ஒரு வீட்டில் 10,000 கேப்புகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஈயத் தூசி உடலில் சேரும் என்பதால், வேலை முடிந்ததும் கைகழுவாமல் சாப்பாட்டில் கைவைக்கக்கூடாது.

மலேசியச் சட்டமும் பினாங்கும்

மேலே சொன்னவை வீட்டு மறுநிரப்பல் சட்டபூர்வமான நாடுகளுக்குரியவை. பினாங்கின் பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ்டவுனிலோ இது பொழுதுபோக்காகச் செய்யக்கூடியது அல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பது குற்றம், அவற்றைச் செய்வது அதைவிடக் கடும் குற்றம். வெடிமருந்தை 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அவசரகாலச் சட்டங்களின் நிழலில் இந்நாடு தோட்டாவை எவ்வளவு கடுமையாகப் பார்த்தது என்பதற்குப் பினாங்கிலிருந்தே சான்று உண்டு. ஒரு ரிவால்வரும் ஐந்து தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக ஒருவருக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட மரண தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1978-இல் முக்கியத் தீர்ப்பாயிற்று. அச்சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

கேப்பின் உறவினர்கள்

இங்குள்ள குடும்பங்களுக்குக் கேப்பின் வேதியியல் வேறு வழியில் வந்து சேர்கிறது. தரையில் எறிந்தால் பட்டென்று வெடிக்கும் பாப்-பாப் பட்டாசில் சிறுகற்களோடு இருப்பது வெள்ளி ஃபல்மினேட், ஹோவர்ட் எழுதிய பாதரச ஃபல்மினேட்டின் நெருங்கிய உறவு. ஒரு பொட்டலத்தில் ஒரு மில்லிகிராம்கூட இல்லாததால்தான் அது விளையாட்டுப் பொருளாகிறது. பல பொட்டலங்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்க்கும் சிறுவன் அந்த அளவு என்ற ஒரே பாதுகாப்பை அழிக்கிறான். புட்டியில் கேப்பைக் கொட்டியவர் செய்ததும் இதுவே. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முன்பு பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய செய்தி இது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும் கடித்தால் வெடிக்கும் இதே இனம். அதைக் கட்டியவர்களே கையிழந்திருக்கிறார்கள், யானைகள் வாய்சிதறி மாண்டிருக்கின்றன. உராய்வுக்கே பற்றும் கலவை என்பதால், பட்டாசில் குளோரேட்டோடு கந்தகம் சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடைசெய்தது. மலேசியாவில் 1991 மே 7 அன்று சுங்கை பூலோவிலுள்ள பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். 1994-இல் வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பின்னணியில் அந்த வெடிப்பும் உண்டு. தொழிற்சாலையே தாங்காத பொருளை அடுக்களை மேசையில் கலப்பது வீரமல்ல.

கேப்பு நேராகவே கைக்கு வரும் வழியும் இங்கு உண்டு. பட்டர்வொர்த் விமானத் தளம் 1941-இல் தொடங்கி அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளானது. போர் கண்ட இத்தகைய பகுதிகளில் மண் தோண்டும்போதோ பழைய இரும்பு பொறுக்கும்போதோ தோட்டா அகப்படக்கூடும். துருப்பிடித்த தோட்டாவின் கேப்பு செத்துவிட்டது என்று எண்ணவேண்டாம். அதைச் சுரண்டவோ தட்டவோ வீட்டுக்கு எடுத்துச்செல்லவோ கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, 999-ஐ அழைத்துப் போலீசிடம் சொல்லுங்கள்.