வண்டி நிற்க ஓர் இடம்

அமெரிக்காவின் ஹூஸ்டன் மாநகருக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில், பிராஸோஸ் பெண்ட் என்னும் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே செல்வோர் பலர் தங்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை யாவும் அமைந்த அந்த ஊர்தியை ஆர்வி என்று அழைக்கிறார்கள். பூங்காவில் வண்டி ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் மின்சாரம், குடிநீர்க் குழாய், தீ மூட்ட ஓர் இரும்பு வளையம். பொழுது சாய்ந்ததும் வளையத்தைச் சுற்றி அமர்ந்து கதை பேசுகிறார்கள்.

நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்புக்கு நடுவே நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். உருளும் வீடு என்பதே மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணுவதும் உண்டு. ஆனால் கேரவன் என்ற பாரசீகச் சொல்லுக்கு நேரான சொல் தமிழில் நெடுங்காலமாகவே இருக்கிறது. கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவைச் 'சாத்து' என்றனர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அச்சொல் இருப்பதை வாசகர்கள் அறிவர்.

அந்த வண்டியை நேரில் காண வேண்டுமெனில் பெரும்பாணாற்றுப்படையைத் திறக்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூலில், உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசை ஒன்று வருகிறது. புலவரின் கண் எதையும் விடவில்லை. மத்தளம் போன்ற முழுமரச் சக்கரம். மழைமேகம் கவிந்த குன்றுபோல் மேலே வேய்ந்த கூரை. வாயிலில் கோழி அடையும் கூடு. பெண்யானையின் முழங்கால் போன்ற சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. வண்டியின் முன்புறத்தில் காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பிலை மாலை அணிந்த ஆடவர் இருமருங்கும் காவலாக நடக்கின்றனர். களைத்த எருதுகளுக்கு மாற்றாக வேறு எருதுகளும் உடன் வருகின்றன. வீட்டில் இருக்க வேண்டியவற்றுள் இங்கே இல்லாதது திண்ணை ஒன்றுதான்!

இன்றைய வண்டிகளில் ஏற்றி வரும் மாற்றுச் சக்கரத்துக்கும் முன்னோடி உண்டு. இளைய எருதுகள், ஏற்றிய பாரமோ பெரிது, மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர், அச்சின் கீழே மற்றோர் அச்சைக் கட்டி வைத்திருந்தனர். சேம அச்சு என்பது அதன் பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதனை உவமையாக்கினார் ஔவையார். புறநானூற்றின் 102ஆம் பாட்டு அது. நாட்டுக்கு இளவரசன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல ஒரு புலவருக்கு உப்பு வண்டியின் அடிப்பாகம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த உமணர் இரவில் எங்கே தங்கினர்? அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் விடை கிடைக்கிறது. எருதுகளை மேயவிட்டு, கல் கூட்டிச் சமைத்துண்டு, இளைப்பாறிப் போய்விட்டனர் உமணர். அவர்கள் விட்டுச்சென்ற அடுப்பில் பின்னால் வந்த வில்வீரர் சமைக்கின்றனர். பிராஸோஸ் பெண்டின் இரும்பு வளையத்துக்கும் இந்த மூன்று கற்களுக்கும் வேலை ஒன்றே. வேறுபாடு காவலில் இருக்கிறது. அடுத்து வருபவன் பயணியா, கொள்ளையனா என்பது உமணருக்குத் தெரியாது. பெருவழிகளில் சுங்கம் கொள்ளப்பட்டதையும், கவர்த்த வழிகளை வில்லேந்திய வீரர் காத்ததையும் பெரும்பாணாற்றுப்படையே சொல்கிறது. வண்டி இருந்தால் மட்டும் போதாது, அது அச்சமின்றி நிற்க ஓர் இடமும் வேண்டும். நமது பயண வரலாற்றின் நடுவே இருப்பது இந்த இடம்தான் என்பது எங்கள் எண்ணம். ஆனால் வண்டியைப் பற்றிப் பேசிய அளவுக்கு இடத்தைப் பற்றி நாம் பேசியதில்லை.

காரைக்கால் பகுதியின் மீனவர் ஊரான கருக்களாச்சேரியில் நின்று பார்த்தால் இந்த வரலாறு இன்னும் துலக்கமாகத் தெரியும். பின்னே கடல், முன்னே நெல் வயல். கடலோரத்தில் விளைந்த உப்பும் காய்ந்த கருவாடும் உள்நாட்டுக்குப் போயாக வேண்டும்; உள்நாட்டு நெல் கரைக்கு வந்தாக வேண்டும். இதே கரையில் வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் வருகின்றன. அதனை இயற்றியவரும் உருத்திரங்கண்ணனாரே. படகையும் வண்டியையும் ஒருசேரப் பார்த்தவர் அவர்.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், வண்டி கடக்க வேண்டிய எல்லை ஒன்று புதிதாக முளைத்தது. உப்பும் அரசியலாயிற்று. 1815ஆம் ஆண்டு லண்டன் ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலக் கம்பெனிக்குப் போயிற்று. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தருவதாக ஏற்பாடு. உமணர் விலை கூறி விற்ற பண்டம் இரு வல்லரசுகளின் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கியது.

எல்லைக்கு அப்பால், தஞ்சை மராத்தியர் நாட்டில், நிற்கும் இடம் ஓர் அறமாக வளர்ந்திருந்தது. இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள். 1799 ஒப்பந்தத்தால் நாட்டின் ஆட்சியை இழந்த இரண்டாம் சரபோஜி, 1801இல் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களைத் தம்மிடமிருந்து பறிக்கலாகாது என்று மன்றாடுகிறார். அங்கே நடந்தவற்றை அவர் விவரிக்கும்போது நமக்கு வியப்பே மிஞ்சுகிறது. எல்லா வகுப்பு வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் சரக்குகளும். நள்ளிரவில் மணி அடிக்கப்படும். அதுவரை உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம். நோயுற்றவர்க்கு மருந்தும் பத்திய உணவும், குழந்தைகளுக்குப் பால், கருவுற்ற பெண்களுக்குத் தனிக் கவனிப்பு. வழியில் இறந்தவர்க்கு அவரவர் வழக்கப்படி ஈமச்சடங்கு.

இது ஒரு விண்ணப்பம் என்பதை மறக்கலாகாது. தன் உடைமையைக் காக்க எழுதுபவர் அதன் சிறப்பைத்தான் எழுதுவார். எல்லோருக்கும் சோறு என்பது உண்மையாகவே இருக்கலாம்; எல்லோருக்கும் ஒரே பந்தி என்பது அன்று இல்லை. சத்திரத்தின் எந்தக் கூடத்தில் யார் படுக்கலாம், எந்தக் கிணற்றில் யார் நீர் இறைக்கலாம் என்பதைச் சாதி வகுத்தது. உள்ளே இடம் கிடைக்காதவனுக்கு வண்டியின் அடியும் புளியமரத்தின் நிழலுமே சத்திரம். ஆயினும் அடுத்த ஆண்டே, 1802இல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் ஒரு பெருஞ்சத்திரம் எழுந்தது. அரசு இல்லாத அரசர் ஒருவர் தமக்கு எஞ்சிய பொருளை வழிப்போக்கருக்காகச் செலவிட்டார் என்பதைக் குறைத்து மதிப்பிட முடியவில்லை.

சத்திரத்தைவிட எளிய நிறுத்தங்களும் இருந்தன. ஊர் எல்லையில் வண்டிப்பேட்டை: மாட்டை அவிழ்த்துவிட்டு, வைக்கோல் போட்டு, அச்சுக்கு மை தடவி, லாடம் கட்டுபவனுக்காகக் காத்திருக்கும் வெளி. பெருநகரை ஒட்டிய மாநிலப் பூங்காவுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். நகருக்குள் வண்டி வர வேண்டாம், ஆனால் நகருக்கு வண்டி வேண்டும்! தலைச்சுமையாக மீன் கொண்டு செல்லும் பெண்களுக்குச் சுமைதாங்கிக் கல். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்த கருவுற்ற பெண்களின் நினைவாக அக்கற்களை நடுவது வழக்கம். தாய் இறக்கி வைக்காது போன பாரத்தை யாரோ ஒருத்தி அங்கே இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம் எவருக்கு முதலில் தோன்றியதோ!

பின்னர் இரயில் வந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பாதை திறந்தது. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு. 1914இல் பாம்பன் பாலம். இராமேசுவர யாத்திரைக்கு வண்டி கட்டியவர்கள் டிக்கெட் வாங்கலாயினர். சத்திரங்கள் வெறிச்சோடின, சில பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் பயன்பட்டன.

அப்படிப் பழையதாகிப் போன ஒன்று ஒருமுறை பேரரசையே கலங்க வைத்தது. 1930 ஏப்ரல் 13 அன்று, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பு எடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடக்கத் தொடங்கினர். தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன், நடப்பவர்களைத் தடுப்பதற்கு முன் அவர்கள் நிற்கும் இடத்தைத் தடுக்கப் பார்த்தார். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்க்குச் சிறைத்தண்டனை என்று அறிவித்தார். நள்ளிரவில் மணியடித்துச் சோறிட்ட நாட்டில் சோறிடுவது குற்றமாயிற்று. கும்பகோணத்தில் இடமும் உணவும் தந்த பந்துலு ஐயர் சிறை சென்றார். மக்கள் வேறு வழி கண்டனர்: சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். எவர் கட்டினார் என்று எந்தக் காவலரால் சொல்ல முடியும்? தொண்டர்கள் ஆற்றங்கரைகளிலும் தோப்புகளிலும் தங்கி நடந்தனர். ஏப்ரல் 30 அன்று இராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். உமணர் நடந்த திசைக்கு எதிர்த்திசையில், உப்பை நோக்கிச் சென்ற சாத்து அது. ஆட்சியரின் கணக்கில் ஒரு பிழை மட்டும் இருந்தது. சத்திரக் கதவை அடைக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புளியமரமும் சத்திரம்தான் என்பது தெரிந்திருக்கவில்லை.

இப்போது கேரவன் பூங்கா என்னும் பெயரில் அந்த இடம் விலைக்கு வருகிறது. கேரளம் 2021இல் இதற்கெனத் திட்டம் அறிவித்தது. 2022இல் வாகமண்ணில் முதல் பூங்கா அமைந்தது. வசதிமிக்க வண்டி, காவல், சூடான உணவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. பணமில்லாதவன் அங்கே நிற்க முடியாது என்பதைத் தவிர.

காரைக்கால் சாலையில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசியில் வேறொரு வண்டி வரிசையைக் காணலாம். ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் காவியுடைக் கூட்டம் அது. மாதாவின் உருவம் வைத்த சிறு சப்பரத்தைச் சிலர் தள்ளிக்கொண்டு போவர்; பின்னால் வரும் சிறு வண்டியில் அரிசி மூட்டை, அண்டா, போர்வைகள், நடக்க முடியாத ஒரு பாட்டி, உறங்கும் குழந்தை. எண்ணிட்ட நிலம் எதுவும் அவர்களுக்கு ஒதுக்கப்படவில்லை. பள்ளித் தாழ்வாரத்திலும், பூட்டிய கடைகளின் முன்னும், பெட்ரோல் பங்கின் ஓரத்திலும் படுத்துறங்குகிறார்கள். வழியிலுள்ள ஊர்க்காரர்கள் தண்ணீர்க் குடமும் மோரும் வைக்கிறார்கள். எந்த ஊர், எந்த மதம் என்று கேட்பதில்லை. விடியலில் கூட்டம் நகர்ந்தபின் சாலையோரத்தில் மூன்று கற்களும் கொஞ்சம் சாம்பலும் கிடக்கின்றன.