அறுபது தாள்கள்

நான் எழுதத் தொடங்கிய நாட்களில் எங்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. கவிதையைத் திருத்தக் கூடாது, வந்தபடியே விட்டுவிட வேண்டும், திருத்துகிறவன் குமாஸ்தா என்பது அது. இதற்குச் சாட்சியாக நாங்கள் அடிக்கடி கூப்பிட்ட பெயர் வான்கோ. அவர் ஓவியம் ஒன்றைக்கூட எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்த்தது காலண்டர் அச்சில் வந்த சூரியகாந்திகளை. தெரிந்தது அறுந்த காது, மனநோய் விடுதி, துப்பாக்கி. 1956-ல் வந்த ஹாலிவுட் படம் மிச்சத்தைச் சொல்லியது. ஆவேசம் வந்தது, வரைந்தார், செத்தார் என்று ஒரு வாழ்க்கையைச் சுருக்கி, எங்கள் சோம்பலுக்குத் தத்துவமாக வைத்துக்கொண்டோம்.

கடிதங்களை நான் படித்தது வெகு தாமதமாக. அவர் எழுதியவற்றில் இன்று கிடைப்பவை 800-க்கு மேல். பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு. தியோவின் மனைவி ஜோஹன்னா 1914-ல் அவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். தரிசனங்களைத் தேடிப் போனவனுக்கு அவையும் கிடைத்தன. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கிடைத்தது வேறு: பென்சிலின் தரம், தாளின் சொரசொரப்பு, வண்ணத்தின் விலை, மாடலாக உட்கார்ந்தவருக்குக் கொடுத்த கூலி, சரியாக வராத ஒரு உருவம். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

வின்சென்ட் வான்கோ 1853-ல் ஹாலந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 16 வயதில் கூப்பில் என்ற கலை வியாபார நிறுவனத்தில் சேர்ந்தார். 1876-ல் அங்கிருந்து நீக்கப்பட்டார். வாத்தியார் வேலை, புத்தகக் கடை, பெல்ஜியத்தில் போரினாஜ் சுரங்கப் பகுதியில் மதபோதகம், எதுவும் நிலைக்கவில்லை. ஓவியனாவது என்று தீர்மானித்தது 1880-ல், 27 வயதில். இறந்தது 1890 ஜூலை 29. இடையில் இருப்பவை பத்தே வருஷங்கள். அவற்றில் முதல் ஐந்து வருஷங்களில் செய்ததை எந்தக் காலண்டர்க்காரரும் அச்சிடமாட்டார்.

1880-ல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டுச் சிறு அறையில் உட்கார்ந்து அவர் செய்தது பிரதி எடுக்கும் வேலை. ஷார்ல் பார்க் என்பவர் தயாரித்த சித்திரப் பாடநூல் ஒன்று அப்போது ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கியது. பிக்காசோவும் சிறுவயதில் அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். வெளியிட்டது கூப்பில் நிறுவனம்தான். தன்னை வெளியே அனுப்பிய கடையின் சரக்கை இரவல் வாங்கி வான்கோ அரிச்சுவடி படித்தார். அதில் ஒரு பகுதி கரிப் பயிற்சிகள்: 60 தாள்கள், பெரும்பாலும் ஆண் உடலின் புறக்கோடுகள் மட்டும். அறுபதையும் வரைந்து முடித்து, மறுபடியும் எடுத்தார். கூடவே, மில்லேயின் ‘விதைப்பவன்’ சித்திரத்தின் நகல். அந்த ஆண்டு செப்டம்பரில் தம்பிக்கு எழுதும்போது, அதை ஏற்கனவே ஐந்து முறை வரைந்துவிட்டதாகவும் இன்னும் வரையப்போவதாகவும் கணக்குச் சொல்கிறார்.

இதை வைத்து அவரைப் பொறுமையின் திருவுருவாக ஆக்கிவிடக் கூடாது. அது இன்னொரு காலண்டர். 1882-ல் ஹேக் நகரத்தில், உறவினரும் ஓவியருமான ஆன்டன் மோவ் அவரை ப்ளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரையச் சொன்னார். வான்கோ கோபத்தில் அந்தச் சிலைத் துண்டுகளைக் கரித்தொட்டியில் எறிந்து உடைத்தார். உயிருள்ள மனிதர்களின் கை கால்கள் இருக்கும்போது எதற்குச் சுண்ணாம்புப் பொம்மை என்பது வாதம். நியாயமான வாதந்தான், எங்கள் வாதமும் அதுதான். ஆனால் நாலு வருஷம் கழித்து, 1886-ல், ஆன்ட்வர்ப் கலைக்கழகத்தில் அதே ப்ளாஸ்டர் உருவங்களின் முன் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஊரைவிட்டுப் போன பிறகு, அந்தக் கழகம் அவரை ஆரம்ப வகுப்புக்கு இறக்கித் தீர்மானித்தது. பாரீஸிலோ, சிறு ப்ளாஸ்டர் உருவங்களைத் தாமே வைத்துக்கொண்டு பல கோணங்களில் வரைந்தார். பொறுமை அவருடைய சுபாவம் இல்லை. வரையக் கற்றுக்கொண்டது போலவே, தவறித் தவறித்தான் அதையும் கற்றிருக்கிறார்.

ஹேக்கில் இருந்தபோது ஒரு சட்டம் செய்வித்தார். மரச் சட்டத்தின் குறுக்கே கம்பிகள். மணலில் ஊன்றி நிறுத்தக் கால்கள். தூரத்து மரம் எவ்வளவு சிறுக்கும், சாலையின் ஓரங்கள் எங்கே கூடும் என்பதைக் கம்பிக் கட்டங்களில் பார்த்துத் தாளுக்கு மாற்றலாம். காற்றில் பித்துப் பிடித்து அலைவதாக நாங்கள் நினைத்த வயல்வெளிகளுக்குப் பின்னால் இந்த ஜன்னல் இருக்கிறது.

அடுத்தது நூனென் கிராமம். குடியானவர் வீட்டில் ராச் சாப்பாட்டை வரைய வேண்டுமென்பது ஆசை. 1884-85 குளிர்காலத்தில் 50 முகங்கள் வரைவதென்று வைத்துக்கொண்டு, சுமார் 40 முகங்களை எண்ணெய் வண்ணத்தில் முடித்தார். கைகளைத் தனியாக வரைந்தார். பிறகுதான், 1885-ல், ‘உருளைக்கிழங்கு தின்பவர்கள்’. அதன் கல்லச்சுப் பிரதியைப் பார்த்த நண்பர் வான் ராப்பார்ட் உருவங்களின் தப்பும் தவறையும் பட்டியலிட்டுக் கடுமையாக எழுதினார். வான்கோ கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். ராப்பார்ட் சொன்ன தவறுகள் படத்தில் இருக்கத்தான் செய்கின்றன. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அத்தனை பயிற்சியும் அவருக்கு வழவழப்பைக் கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் கோடு கோணியது கை வராததால். இப்போது கோணுவது பார்வை அப்படி இருப்பதால். இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருஷம் இருக்கிறது. அந்த ஐந்தைக் கடக்காமல் நேரே இரண்டாவது கோணலுக்குப் போய்விடலாம் என்று நம்பியதுதான் எங்கள் தவறு.

பாரீஸில் மறுபடியும் அரிச்சுவடி, இந்தத் தடவை வண்ணத்துக்கு. 1886 கோடையில் ஜாடி ஜாடியாகப் பூக்கள். மாடலுக்குக் கொடுக்கப் பணமில்லாததால் கண்ணாடியில் தம் முகம். உலகம் கொண்டாடும் சுயசித்திரங்களில் பெரும்பகுதி இப்படிச் சிக்கனத்தில் பிறந்தவை. எந்த வண்ணத்துக்குப் பக்கத்தில் எது துடிக்கும் என்று பார்க்க வண்ணக் கம்பளி நூல்களைச் சேர்த்துச் சுற்றி உருண்டைகள் செய்து வைத்திருந்தார். அந்தப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜப்பானிய அச்சுப்படங்களை மெல்லிய தாளில் பதிவெடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினார். வயது 34. இன்னும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

1888 பிப்ரவரியில் ஆர்ல் நகரம். பதினைந்து மாதங்களில் ஏறத்தாழ 200 ஓவியங்கள். புராணம் தொடங்குகிற இடம் இது. வேகத்தைப் பற்றி அவரே தியோவுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்: அவசரமாகப் போட்டவை போல் தெரியும் ஓவியங்கள் வெகு நேரம் முன்கூட்டிக் கணக்கிடப்பட்டவை என்று. நம் சங்கீதக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேடையில் நிமிஷத்தில் பாய்ந்து வரும் பிருகாவுக்குப் பின்னால் எத்தனை விடியற்காலைச் சாதகம் என்று அவர்களுக்குத் தெரியும். வேகத்தைப் பார்த்த நாங்கள்தான் அதன் வயதைக் கேட்க மறந்தோம்.

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். காது அறுந்தது 1888 டிசம்பரில். 1889 மே மாதம் ஸான் ரெமி விடுதிக்குத் தாமாகவே போனார். ஜூலையில் நோய் கடுமையாகத் தாக்கியபோது வாரக்கணக்கில் வரையவே முடியவில்லை. நோய் ஓவியங்களைக் கொடுத்தது என்பது கதை. நோய் அவற்றை நிறுத்தியது என்பது தேதி வாரியான சரித்திரம். தெளிவு திரும்பிய நாட்களில்தான் அவர் வேலை செய்தார்.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. இந்தப் பொறுமைக்குச் செலவு ஆனது. தியோ மாதாமாதம் அனுப்பிய பணம், பல வருஷங்கள் 150 பிராங்க், இல்லாவிட்டால் அறுபது தாளும் இல்லை, நாற்பது முகமும் இல்லை. தியோ சம்பளம் வாங்கியதும் அதே கூப்பில் நிறுவனத்தில். ‘பயிற்சி செய்’ என்று உபதேசிப்பது சுலபம். ஆபீஸ் விட்டு வந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் எழுதுகிறவனுக்குத் தியோ இல்லை. எங்களில் எழுதுவதை விட்டுவிட்டவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்ல. சிலருக்கு அந்த ஒரு மணியும் கிடைக்கவில்லை. நான் அவர்களில் ஒருவனில்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரம் இருந்தது. அதை உத்வேகத்துக்காகக் காத்திருப்பதில் கழித்தேன்.

பயிற்சி செய்தால் வான்கோ ஆகலாமா? ஆக முடியாது. பார்க்கின் பாடநூலைப் பார்த்து வரைந்த எத்தனையோ மாணவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பயிற்சி எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. அதைத் தெரிந்துகொண்டும் உட்காருவதற்குத்தான் பொறுமை என்று பெயர் என எனக்குப் படுகிறது. கூலி நிச்சயமாக இருந்தால் அது வெறும் உழைப்பு.

பயிற்சியை ஏணியாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறியதும் உதைத்துத் தள்ளிவிடலாம் என்று. வான்கோவின் கடைசி வருஷம் அப்படிச் சொல்லவில்லை. ஸான் ரெமியில் மில்லேயின் அச்சுப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவற்றை வண்ணத்தில் வரைகிறார். அவற்றில் அந்தப் பழைய விதைப்பவனும் உண்டு. நூனென் குடியானவர்களை மறுபடி வரைய ஆசைப்பட்டுப் பழைய சித்திரங்களைக் கேட்டு எழுதுகிறார். 1890 மே மாதம் ஓவேர் கிராமத்துக்கு வந்து சேர்கிறார். அங்கே கழித்த எழுபது நாட்களில் நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஓவியங்கள். அந்த வேகத்தின் நடுவில் தியோவிடம் ஒன்று கேட்கிறார்: பார்க்கின் கரிப் பயிற்சிகளை அனுப்பு, அறுபதையும் இன்னொரு முறை வரைய வேண்டும், உடலின் அளவுகளைத் தொடர்ந்து படிக்காவிட்டால் பின்னால் கஷ்டம் என்று.

பின்னால் என்று எழுதுகிறார். இருந்தவை சில வாரங்கள்.

பழைய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. திருத்தக் கூடாது என்று திருத்தாமல் விட்ட கவிதைகள். சென்ற மாதம் அதைப் பிரித்து, ஒரு கவிதையை வேறு தாளில் முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். நாலாவது வரியில் ஒரு சொல் பொய்யாக இருந்தது. இத்தனை வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இது மூன்றாவது பிரதி.